வேலைக்கு முன் மனத்தை அளக்கும் வினாத்தாள்: இணைய வணிக ஆள்சேர்ப்பில் விடை கிடைக்காத கேள்விகள்

பெங்களூரு: 'பலர் கூடியிருக்கும் இடங்களுக்குச் செல்வது எனக்குப் பிடிக்கும்.' 'என் மனநிலை அடிக்கடி மாறுகிறது.' 'தொடங்கிய வேலையை நான் ஒருபோதும் பாதியில் விட்டதில்லை.' இத்தகைய வாக்கியங்கள் கைபேசித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள் உள்ளன. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த வாக்கியம் வரும்.

இணைய வணிக நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் சேவைப் பணிக்கோ, கிடங்கு மேற்பார்வைப் பணிக்கோ விண்ணப்பிக்கும் இளைஞர் இப்போது அடிக்கடி சந்திக்கும் காட்சி இது. கல்விச் சான்று, முன்அனுபவம் ஆகியவற்றைப் பதிவேற்றிய பிறகு, நேர்காணலுக்கு முன்பாகவே இந்த வினாத்தாள் குறுக்கிடுகிறது. அதை முடித்த சில நாள்களில், சில வேளை சில நிமிடங்களிலேயே, 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று தொடங்கும் மின்னஞ்சல் வந்து சேர்கிறது. எத்தனை மதிப்பெண், எந்த விடை பாதகமானது, அதைப் பார்த்து முடிவெடுத்தவர் யார் என்ற விவரம் எதுவும் அதில் இருப்பதில்லை.

விண்ணப்பதாரர்களின் எரிச்சலுக்கு வினாக்களின் நீளம் மட்டும் காரணமன்று. தன் இயல்பையே ஒரு கணினிக்கு முன் விரித்து வைத்த பிறகும், அந்தக் கணினி தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தது என்பதை அறிய வழியில்லை என்பதே அதன் அடிப்படை. இத்தேர்வுகள் உண்மையில் எவ்வளவு கணிக்கின்றன, இந்தியச் சட்டம் விண்ணப்பதாரருக்கு எந்த அளவு துணை நிற்கிறது என்ற இரு கேள்விகளும் இங்கிருந்தே எழுகின்றன.

இணைய வணிகத்தின் தலைநகரம்

இக்கேள்விகள் பெங்களூருவில் கூடுதல் எடை பெறுகின்றன. பிளிப்கார்ட், மிந்த்ரா ஆகிய இரு நிறுவனங்களும் 2007-ஆம் ஆண்டு இந்நகரில் தொடங்கப்பட்டவை. பிக்பாஸ்கெட் 2011-இலும், ஸ்விக்கி 2014-இலும், மீஷோ 2015-இலும் இங்கேயே வேரூன்றின. அமேசான் நிறுவனத்தின் இந்தியச் செயல்பாடுகளுக்கும் இந்நகரம் முக்கிய மையம். 2018-இல் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் பிளிப்கார்ட்டின் ஏறத்தாழ 77 விழுக்காடு பங்குகளை 1,600 கோடி டாலருக்கு வாங்கியது.

நகரைச் சுற்றி ஒசகோட்டை, நெலமங்கலா, மாலூர் பகுதிகளில் பெருங்கிடங்குகள் எழுந்துள்ளன. பண்டிகைக் கால விற்பனைக்கு முன்பாக நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பருவகாலப் பணிகள் உருவாகும் என்று பிளிப்கார்ட் அண்மை ஆண்டுகளில் அறிவித்து வருகிறது. கர்நாடகத்தின் உள்மாவட்டங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் உள்ள ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிகளிலிருந்தும் வேலை தேடி வருவோருக்கு இத்துறை பெரும் வாசலாக உள்ளது.

அந்த வாசல் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறப்பதில்லை. பொட்டலம் கொண்டு செல்லும் விநியோகப் பணியாளராகச் சேர விரும்புவோரிடம் பெரும்பாலும் ஓட்டுநர் உரிமம், ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களே கேட்கப்படுகின்றன. ஆளுமை வினாக்கள் எழுவது அதற்கு ஒரு படி மேலே, மாதச் சம்பளமும் பதவிப் பெயரும் உள்ள வேலைகளில்தான். அதாவது, தெருவில் வண்டி ஓட்டுவதிலிருந்து அலுவலக நாற்காலிக்கு உயர நினைப்பவரை இடைமறித்து நிற்பது இந்த வினாத்தாள்.

இத்தேர்வுகளை வடிவமைத்து விற்பது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 'ஆம்கேட்' தேர்வை நடத்திய ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் நிறுவனத்தை எஸ்.எச்.எல். நிறுவனம் 2019-இல் வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு மெட்டில் நிறுவனம் மெர்சர் குழுமத்தின் கைக்குச் சென்றது. அமேசான் போன்ற நிறுவனங்கள் தங்களுக்கென்றே மதிப்பீடுகளை வைத்துள்ளன. தனது 16 'தலைமைத்துவக் கோட்பாடுகளை' ஒட்டிய பணிப்பாணி மதிப்பீடு ஒன்று தேர்வுமுறையில் இடம்பெறக்கூடும் என்று அந்நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தளமே விண்ணப்பதாரர்களுக்கு விளக்குகிறது.

நிறுவனங்களின் தரப்பு

நிறுவனங்கள் இம்முறையை நாடுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஒரு பணியிட அறிவிப்புக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. அனைவரையும் நேரில் அழைத்துப் பேசுவது இயலாது. கைபேசியில் சில தொடுதல்களில் விண்ணப்பிக்க முடிகிறது என்பதாலேயே விண்ணப்பங்கள் பெருகின. அவற்றை வடிகட்டவும் இயந்திரத்தின் துணை தேவைப்பட்டது.

மனிதர் நடத்தும் நேர்காணல் எப்போதும் நியாயமானது என்றும் சொல்லிவிட முடியாது. சாதி, ஊர், உச்சரிப்பு, நிறம், கல்லூரியின் பெயர் ஆகியவை நேர்காணல் அறையில் சத்தமின்றிச் செல்வாக்குச் செலுத்துவதுண்டு. பரிந்துரை இல்லாதவருக்கு, எல்லோருக்கும் பொதுவான ஒரு வினாத்தாள் கூடுதல் வாய்ப்பைத் தரும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இந்த வாதம் நிற்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். வினாத்தாள் அளப்பது வேலைக்குத் தேவையான ஒன்றாக இருக்க வேண்டும். அதை ஓரளவு சரியாகவும் அளக்க வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

போர்க்களத்திலிருந்து கடை வாசலுக்கு

ஆளுமை வினாத்தாள் வணிகத்துக்காகப் பிறந்ததன்று. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917-ஆம் ஆண்டு, போர் அதிர்ச்சிக்கு உள்ளாகக்கூடிய வீரர்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக ராபர்ட் வுட்வொர்த் என்ற உளவியலாளர் ஆம், இல்லை என்று விடையளிக்கும் வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். அது முழுமையாகப் பயன்பாட்டுக்கு வரும் முன்பே போர் முடிந்துவிட்டது. 1943-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனநோய்களைக் கண்டறிய உதவும் வகையில் 500-க்கும் மேற்பட்ட வாக்கியங்கள் கொண்ட தேர்வை வெளியிட்டனர். இவ்வகைத் தேர்வுகளே பின்னர் அலுவலகங்களுக்குள் நுழைந்தன. 1956-இலேயே வில்லியம் எச். ஒயிட் என்ற எழுத்தாளர், நிறுவன வாழ்வைப் பற்றிய தமது புகழ்பெற்ற நூலின் பின்னிணைப்பில், இத்தேர்வுகளில் ஏமாற்றித் தேறுவது எப்படி என்று விளக்கியிருந்தார்.

சில்லறை விற்பனைத் துறைக்குள் இவை பெருமளவில் வந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். கடைப் பணியாளர்கள் திருடுவார்களோ என்ற அச்சத்தில் அமெரிக்கக் கடைகள் உண்மை கண்டறியும் கருவியைப் பயன்படுத்தி வந்தன. 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்கு அதைத் தடை செய்தது. கருவி போன இடத்தில் காகிதத் தேர்வுகள் வந்தன. 2000-களின் தொடக்கத்தில் யூனிக்ரூ என்ற நிறுவனம் அவற்றைக் கடைகளில் வைக்கப்பட்ட கணினிகளுக்கும் இணையத்துக்கும் கொண்டு சேர்த்தது. 2006-இல் அதை க்ரோனோஸ் நிறுவனம் வாங்கியது. கடையில் பொருள் அடுக்கும் வேலைக்கு வருபவரும் தன் மனத்தைப் பற்றிப் பல பக்கங்கள் விடையளிக்கும் வழக்கம் அவ்வாறு நிலைபெற்றது.

அளவுகோலின் வலிமை எவ்வளவு?

இன்றைய வினாத்தாள்களில் பல, உளவியலில் 'ஐந்து பெரும் கூறுகள்' எனப்படும் வகைப்பாட்டைத் தழுவியவை. புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, பிறரோடு கலந்து பழகும் இயல்பு, இணங்கிப் போகும் தன்மை, மன நிலைத்தன்மை ஆகியவை அந்த ஐந்து. இவற்றுள் வேலைத் திறனோடு ஓரளவு நிலையான தொடர்பு கொண்டது பொறுப்புணர்வு என்று 1991-இல் முர்ரே பாரிக், மைக்கேல் மவுன்ட் ஆகியோர் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது. அதன் பிறகுதான் இத்தேர்வுகளுக்கு அறிவியல் மதிப்புக் கூடியது.

அந்தத் தொடர்பின் அளவு எவ்வளவு என்பதே முக்கியம். முழுப் பொருத்தத்தை 1 என்றும், தொடர்பே இல்லாத நிலையை 0 என்றும் கொண்டால், பொறுப்புணர்வு மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ 0.2. பால் சாக்கெட் தலைமையில் ஆய்வாளர்கள் 2022-இல் பழைய கணக்குகளை மறுபரிசீலனை செய்தபோதும் இந்த எண் அதே அளவில்தான் நின்றது. அதே ஆய்வில், எல்லோரிடமும் ஒரே வரிசையில் வேலை சார்ந்த கேள்விகளைக் கேட்டு மதிப்பிடும் நேர்காணலுக்கு 0.42 கிடைத்தது. அதாவது, ஆளுமைத் தேர்வைப் போல இரு மடங்கு.

0.2 என்பதன் பொருளை எளிய கணக்கில் காணலாம். மதிப்பெண்களும் திறனும் வழக்கமான புள்ளியியல் பரவலில் உள்ளன என்று கொள்வோம். தேர்வில் மேல் பாதியில் வந்த 100 பேரை எடுத்தால், அவர்களுள் ஏறத்தாழ 56 பேர் வேலையில் சராசரிக்கு மேல் விளங்குவர். கீழ்ப் பாதியில் வந்த 100 பேரிலும் ஏறத்தாழ 44 பேர் அவ்வாறே விளங்குவர். அந்த 44 பேரும் நேர்காணல் இன்றியே திருப்பி அனுப்பப்படுகின்றனர்.

பத்தாயிரம் விண்ணப்பங்களைக் கையாளும் நிறுவனத்துக்கு இந்தச் சிறு வேறுபாடும் லாபம்தான். நிராகரிக்கப்பட்ட ஒருவருக்கோ அது ஏறக்குறைய நாணயம் சுண்டுவதற்கு ஒப்பானது. கூட்டத்தைப் பற்றிய மதிப்பீட்டைத் தனி மனிதர் மீதான தீர்ப்பாக மாற்றுவதே இம்முறையின் அடிப்படைக் கோளாறு.

நேர்மைக்குக் கிடைக்கும் தண்டனை

வினாத்தாளின் அமைப்பும் இதற்கு உதவுவதில்லை. நிறுவனம் எதை விரும்பும் என்பது பல வாக்கியங்களில் வெளிப்படையாகவே தெரியும். 'தொடங்கிய வேலையை ஒருபோதும் பாதியில் விட்டதில்லை' என்பதற்கு உண்மையாக விடை சொல்பவர் தயங்குவார். வேலை கிடைக்க வேண்டும் என்று எண்ணுபவர் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதைத் தொட்டுவிடுவார். பயிற்சி நிலையங்களும் காணொளிகளும் இந்த இரண்டாவது வழியையே கற்பிக்கின்றன.

இதைத் தடுக்க வடிவமைப்பாளர்கள் வேறு உத்திகளைக் கையாள்கின்றனர். ஒரே கருத்தைச் சொல் மாற்றி இரு முறை கேட்டு, விடைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கின்றனர். அல்லது, இரண்டு நல்ல குணங்களைத் தந்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றனர். 'குழுவுக்கு உதவுவேன்', 'காலக்கெடுவைத் தவறமாட்டேன்' என்ற இரண்டில் ஒன்றைத்தான் தொட முடியும் என்றால், இரண்டையும் செய்பவர் திகைக்கிறார். சூழலைப் பொறுத்து நடந்துகொள்பவர் முரண்படுகிறவராகப் பதிவாகிறார். கோபம் வருமா என்று கேட்டால், யாரிடம், எதற்காக என்று திருப்பிக் கேட்க அங்கு ஆளில்லை.

மொழியும் பண்பாடும் மற்றொரு தடை. ஆங்கிலத்தில் அமைந்த வாக்கியங்களில் 'அரிதாகவே', 'அவ்வளவாக இல்லை' போன்ற எதிர்மறைச் சொற்களே பொருளைத் தீர்மானிக்கின்றன. ஒசூரிலோ கோலாரிலோ தாய்மொழி வழியில் படித்தவர் வேலையைச் செவ்வனே செய்யக்கூடியவராக இருப்பார். ஆனால் அந்த நுட்பத்தில் ஒரு சொல்லைத் தவறவிட்டால், அது மொழிக் குறையாக அன்றிக் குணக் குறையாகவே பதிவாகிவிடும். வினாக்களைத் தமிழிலோ கன்னடத்திலோ பெயர்த்துவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு மொழியிலும் மக்கள் எவ்வாறு விடையளிக்கின்றனர் என்பதைத் தனியே ஆராய்ந்து மதிப்பெண் அளவுகளை வகுக்க வேண்டும்.

தன்னைத் தானே புகழ்வது பண்பாகாது என்று வளர்க்கப்பட்டவர்கள் 'நான் பிறரை வழிநடத்தும் திறன் மிக்கவர்' என்ற வாக்கியத்துக்கு முழு உடன்பாடு தெரிவிக்கத் தயங்குவது இயல்பு. திருக்குறளில் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஆராய்ந்து ஆளைத் தெளிவதற்கும், ஆராய்ந்து பணியில் அமர்த்துவதற்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. ஒருவரை அவரது செயலைக் கொண்டு எடைபோட வேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. சொந்த வாயால் சொன்ன குணத்தைக் கொண்டு எடைபோடும் முறைதான் புதிது.

அமெரிக்க வழக்குகள் தரும் பாடம்

இத்தேர்வுகள் தோன்றிய நாட்டிலேயே அவை நீண்ட காலமாக வழக்குகளைச் சந்தித்து வருகின்றன. கலிபோர்னியாவில் டார்கெட் கடைகளின் காவலர் பணிக்கு விண்ணப்பித்தவர்களிடம் மத நம்பிக்கை, பாலுறவு நாட்டம் ஆகியவை குறித்தும் கேட்கப்பட்டன. வேலைக்குத் தொடர்பில்லாத அத்தகைய கேள்விகள் அந்தரங்க உரிமைக்கு எதிரானவை என்று 1991-இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1993-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

வாடகைக்குப் பொருள் தரும் ரென்ட்-ஏ-சென்டர் நிறுவனம் பதவி உயர்வுக்கு மினசோட்டா தேர்வைப் பயன்படுத்தியது தொடர்பான வழக்கில், அத்தேர்வு மருத்துவப் பரிசோதனைக்கு நிகரானது என்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தை மீறுகிறது என்றும் 2005-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-இல் ரோட் தீவு மாநிலத்தில் எழுந்த புகாரைத் தொடர்ந்து, மனநலத்தை மறைமுகமாக வெளிப்படுத்தக்கூடிய சில வினாக்களைத் தனது இணைய விண்ணப்பத்திலிருந்து நீக்க சி.வி.எஸ். மருந்துக்கடை நிறுவனம் ஒப்புக்கொண்டது.

2012-இல் இருமுனைய மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிவந்த கல்லூரி மாணவர் ஒருவர், பல்பொருள் அங்காடி ஒன்றில் குறைந்த ஊதியப் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பித்தார். அங்கு பணியாற்றிய நண்பர் மூலமே, ஆளுமைத் தேர்வின் விடைகளால் தாம் ஒதுக்கப்பட்டதை அவர் அறிந்தார். தொடர்ந்து வேறு கடைகளுக்கு விண்ணப்பித்தபோதும் இதுவே நேர்ந்தது. அவரது தந்தை வழக்கறிஞர் என்பதால் இது சட்டப் போராட்டமாக மாறி உலகக் கவனம் பெற்றது. நண்பரும் வழக்கறிஞரும் இல்லாத எத்தனையோ பேருக்கு, தாங்கள் ஏன் ஒதுக்கப்பட்டோம் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

தொடர்ந்து 2015-இல், இனம், பாலினம் அடிப்படையில் பாகுபாட்டை விளைவித்த தேர்வுகள் தொடர்பாக டார்கெட் நிறுவனம் 28 லட்சம் டாலர் வழங்க அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையத்துடன் உடன்பாடு கண்டது. 2018-இல் பெஸ்ட் பை நிறுவனம் ஆளுமைத் தேர்வுகள் குறித்த புகாரில் அதே ஆணையத்துடன் சமரசம் செய்துகொண்டது. இவ்வழக்குகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. தேர்வின் விளைவுகளை ஆராய்ந்து கேள்வி கேட்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கோ ஓர் ஆணையத்துக்கோ இருந்தது.

செல்வி வழக்கும் புட்டசாமி வழக்கும்

இந்தியாவில் நிலைமை வேறு. ஆயினும் மனத்தின் அந்தரங்கம் பற்றிய மிக முக்கியமான இரண்டு தீர்ப்புகள் கர்நாடகத்தோடு தொடர்புடையவை.

முதலாவது, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கு. குற்ற விசாரணையில் மயக்க மருந்து செலுத்தி வாக்குமூலம் பெறும் சோதனைக்கு ஒரு காலத்தில் பெங்களூரு தடய அறிவியல் ஆய்வகம் பெயர் பெற்றிருந்தது. அச்சோதனையையும், உண்மை கண்டறியும் கருவி, மூளை அலைப் பதிவு ஆகியவற்றையும் ஒருவரது சம்மதமின்றி நடத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 20(3), 21 ஆகிய பிரிவுகளுக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே 5-ஆம் நாள் தீர்ப்பளித்தது. உடலைப் போலவே மனத்துக்கும் பிறர் அத்துமீறி நுழைய முடியாத எல்லை உண்டு என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

இரண்டாவது, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு. அதில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

குற்றம் சாட்டப்பட்டவரின் மனத்துக்கே இத்தகைய பாதுகாப்பு இருக்கும்போது, வேலை கேட்பவரின் மனத்துக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வி எழுவது இயல்பு. இரண்டும் ஒன்றல்ல என்பதையும் ஏற்க வேண்டும். அங்கு அரசு வற்புறுத்துகிறது. இங்கு தனியார் நிறுவனம் கேட்கிறது, விண்ணப்பதாரர் தாமே முன்வந்து விடையளிக்கிறார். ஆனால் மறுத்தால் விண்ணப்பமே முன்னேறாது என்ற நிலையில், அந்தச் சம்மதம் எந்த அளவுக்குச் சுதந்திரமானது என்பது விவாதத்துக்குரியது.

சட்டத்தில் உள்ள இடைவெளி

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. சம்மதம் சுதந்திரமானதாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கு உரியதாகவும் இருக்க வேண்டும், அதைத் திரும்பப் பெறலாம், தன்னைப் பற்றிய தரவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறலாம் என்று சட்டம் கூறுகிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு சரியானதாகவும் முழுமையானதாகவும் இருப்பதை நிறுவனம் உறுதி செய்ய வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது.

ஆனால், கணினி மட்டுமே எடுத்த முடிவை மனிதர் ஒருவர் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று கேட்கும் உரிமை அச்சட்டத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் அவ்வுரிமை உள்ளது. வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகச் சம்மதமின்றியே தரவைக் கையாள இந்தியச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. அது பணியில் இருப்போருக்கு மட்டுமா, விண்ணப்பதாரருக்குமா என்பது வாசகத்தில் தெளிவாக இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் தன்முனைப்புக் குறைபாட்டையும் தனது பட்டியலில் சேர்த்துள்ளது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்கிறது. எனினும் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற அதன் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களை மட்டுமே வெளிப்படையாகக் கட்டுப்படுத்துகிறது.

கர்நாடக அரசு 2025-இல் இயற்றிய செயலிவழித் தொழிலாளர் நலச் சட்டம் இந்த வகையில் முன்னோடியானது. வேலை ஒதுக்கீட்டையும் மதிப்பீட்டையும் தீர்மானிக்கும் தானியங்கி முறைகள் பற்றித் தொழிலாளருக்கு விளக்க வேண்டும், பணியிலிருந்து நீக்குமுன் காரணத்துடன் 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று அது கூறுகிறது. ஆயினும் அச்சட்டம் உள்ளே வந்துவிட்டவர்களுக்கானது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுபவருக்கு அதில் இடமில்லை. ஒரே நகரில், வண்டி ஓட்டும் தொழிலாளர் தன்னை நீக்கியதற்குக் காரணம் கேட்கலாம், அலுவலகப் பணிக்கு விண்ணப்பித்தவர் தன்னை ஒதுக்கியதற்குக் காரணம் கேட்க முடியாது என்ற விந்தையான நிலை உருவாகியுள்ளது.

வெளிநாடுகள் வேறு திசையில் நகர்ந்துள்ளன. ஆள்சேர்ப்பில் தானியங்கி முடிவுக் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் பாகுபாட்டுத் தணிக்கை செய்து, விண்ணப்பதாரருக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற நியூயார்க் மாநகரச் சட்டம் 2023 ஜூலை முதல் அமலாக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆள்சேர்ப்புக் கருவிகளை 'அதிக ஆபத்து' வகையில் சேர்த்துள்ளது.

செய்யக்கூடியவை

வினாத்தாள்களை ஒரேயடியாகத் தடை செய்வது தீர்வாகாது. அவை மறைந்தால், விண்ணப்பங்களைப் படித்து வடிகட்டும் வேறு மென்பொருள்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். பெண்களின் விண்ணப்பங்களுக்குக் குறைந்த மதிப்பளித்ததால் அமேசான் தனது சோதனை முயற்சியான ஆள்சேர்ப்பு மென்பொருளைக் கைவிட்டது என்ற செய்தி 2018-இல் வெளிவந்ததை இங்கு நினைவுகூரலாம். எனவே கருவி எதுவாயினும் அதற்குப் பொருந்தும் விதிகளே தேவை.

முதலாவதாக, வேலைக்கும் வினாவுக்கும் உள்ள தொடர்பை நிறுவனம் எழுத்தில் காட்டத் தயாராக இருக்க வேண்டும். கோபமாகப் பேசும் வாடிக்கையாளருக்கு எவ்வாறு பதிலளிப்பீர்கள் என்று கேட்பது வாடிக்கையாளர் சேவைப் பணிக்குப் பொருந்தும். மனநிலை அடிக்கடி மாறுமா என்று கேட்பதற்கு அந்த நியாயம் இல்லை. இரண்டாவதாக, ஆளுமை மதிப்பெண் மட்டுமே ஒருவரை நிராகரிக்கும் காரணமாக இருக்கக்கூடாது. மூன்றாவதாக, கேட்கும் விண்ணப்பதாரருக்கு அவரது மதிப்பீட்டின் சுருக்கமும், மனிதர் ஒருவரிடம் முறையிடும் வழியும் கிடைக்க வேண்டும். நான்காவதாக, வேலைக்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை எனில் வினாவும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கக்கூடாது.

இவற்றுள் எதற்கும் பெரும் செலவில்லை. மதிப்பெண் ஏற்கெனவே கணினியில் உள்ளது. அதை உரியவருக்குக் காட்டுவதில்லை என்பது நிறுவனத்தின் முடிவேயன்றித் தொழில்நுட்பத்தின் தடையன்று. தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் 'தரவுச் சுருக்கம் பெறும் உரிமை' ஆளுமை மதிப்பெண்ணுக்கும் பொருந்தும் என்று மத்திய அரசு ஒரு வரியில் விளக்கினாலே பாதித் தொலைவு கடந்துவிடலாம். மீதித் தொலைவுக்கு, செயலிவழித் தொழிலாளருக்குக் கர்நாடகம் அளித்த காரணம் கேட்கும் உரிமையை விண்ணப்பதாரருக்கும் நீட்டிக்க வேண்டியிருக்கும்.

பண்டிகைக் கால விற்பனை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அந்த ஐந்து கட்டங்களில் ஒன்றைத் தொட்டு, தம்மைப் பற்றிய ஒரு தீர்ப்புக்குக் காத்திருக்கின்றனர். வேலை கிடைக்காமற் போவது யாருக்கும் நேரக்கூடியது. ஏன் கிடைக்கவில்லை என்பதையாவது அறிந்தால், அடுத்த விண்ணப்பத்துக்கு முன் எதைத் திருத்திக்கொள்வது என்று அவர்களால் சிந்திக்க முடியும்.